சுவரில் நின்றவர்கள்

1

இந்தக் கதை எனக்கு டியூஷன் வீட்டில் கிடைத்தது.

லப்பைக்குடிக்காட்டில் குல்சும் அக்காவின் மகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். குவிலென்ஸ் பாடம் வந்த அன்று அக்கா பரணிலிருந்து ஒரு புரொஜக்டரை இறக்கி, "இதுல இருக்குற கண்ணாடியக் காட்டிச் சொல்லிக்குடும்மா, புரியும்" என்றார். பழைய துப்பட்டியில் சுற்றியிருந்தது. பிரித்தபோது கூடவே ஒரு பிலிம் சுருள் இருந்தது. இது என்ன படம் என்று கேட்டேன். அன்று பாடம் நடக்கவில்லை.

படத்தை நான் பார்த்ததில்லை. புரொஜக்டரின் பல்பு எப்போதோ போய்விட்டது. அக்கா பார்த்ததைச் சொன்னார், நான் எழுதுகிறேன். நடுவில் ஏதாவது பிசகியிருந்தால் அது என் பக்கம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'வெள்ளாறு அன்று விடியும்போதே சிவந்திருந்தது. குடிசைக் கூரைகள் தெப்பம்போல மிதந்து'

நிறுத்திவிட்டேன். நான் வெள்ளம் பார்த்ததில்லை. பெரம்பலூரில் எங்கள் தெருவில் பலத்த மழை பெய்தால் சாக்கடை வழியும், அவ்வளவுதான். இந்தக் கதையில் படம் எடுத்தவரும் வெள்ளத்தைப் பார்க்கவில்லை. அவர் போனபோது தண்ணீர் வடிந்திருந்தது.

இரண்டாவது தொடக்கம்:

'அப்துல் நாசர் பிறர் துயரம் பொறுக்காதவர்.'

இதையும் அடித்தேன். நாசர் குல்சும் அக்காவின் கணவர். அக்கா சொன்ன நாசர் கொஞ்சம் பெருமைக்காரர். சட்டைப் பையில் பேனா வெளியே தெரிய வேண்டும் அவருக்கு. நல்லவர்தான், ஆனால் முதல் வரியிலேயே இல்லை.

மூன்றாவது தொடக்கத்தை அடிக்கவில்லை. அது அடுத்து வருகிறது.

3

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம் அப்துல் நாசர் சார்ஜாவிலிருந்து லீவில் வந்தபோது கைக்கு அடக்கமான ஒரு சினிமா கேமரா கொண்டுவந்திருந்தார். மகள் தத்தித் தத்தி நடப்பதை எடுத்தார். மச்சான் புல்லட் ஓட்டுவதை எடுத்தார். பெருநாளன்று தெருவையே எடுத்தார். ஒரு ரோல் மிஞ்சியது. ஒரு ரோலில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் படம் எடுக்க முடியும். அதில் எதை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஐப்பசியில் வெள்ளம் வந்தது.

[இந்த 'போதுதான்' எனக்கு உறுத்துகிறது. வெள்ளம் ரோலுக்காக வந்ததுபோல் தொனிக்கிறது. ஆனால் அக்கா இப்படித்தான் சொன்னார், சொல்லிவிட்டு அவரும் ஒரு மாதிரி சிரித்தார்.]

ஆற்றங்கரையில் கூலி வேலைக்குப் போகிறவர்களின் தெரு ஒன்று இருந்தது. சின்னத்துறை என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். உண்மைப் பெயர் வேண்டாம். ஆட்கள் கோயில் மேட்டுக்கு ஓடித் தப்பித்தார்கள். குடிசையும் தட்டுமுட்டும் துணிமணியும் ஆற்றோடு போயின. அங்கே இது புதிதல்ல. வெள்ளம் வரும், வடியும், அதே இடத்தில் மறுபடி மண் குழைத்துச் சுவர் எழுப்புவார்கள். கூப்பிடு தூரத்தில் மேட்டு நிலம் ஒன்று விலைக்கு இருந்தது. அடுத்த ஐப்பசிக்குள் அது கிடைத்தால் அவர்கள் இனி ஓடவேண்டியதில்லை. வெங்காய மண்டி வைத்திருக்கும் பாய்மார்கள் சேர்ந்து மனது வைத்தால் முடியும்.

நாசருடைய அத்தாவின் மண்டியில் மூட்டை தூக்கும் மதுரைவீரன் அந்தத் தெருக்காரர். அவர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, நாசர் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

"நான் படம் புடிச்சுப் போட்டுக் காட்டுறேன்ணே. கண்ணால பாத்தா யாரு இல்லேம்பாங்க?"

அதன்பிறகு மனிதருக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை என்றார் அக்கா. இந்த இடத்திலிருந்துதான் எனக்கும் நாசரைப் பிடிக்க ஆரம்பித்தது.

4

நாசர் கேமராவோடு போய் இறங்கியபோது சின்னத்துறை பளிச்சென்று இருந்தது. சேற்றை வழித்து, பெருக்கி, சாணி தெளித்து வைத்திருந்தார்கள். கோலம்கூட இருந்தது.

"என்ன வீரண்ணே, வெள்ளம் வந்த எடம் மாதிரியே தெரியலியே?"

"படம் புடிக்க ஆளு வருதுன்னா அப்புடியே போட்டு வைக்க முடியுமா பாய்?"

"தண்ணி எங்கியாச்சும் நிக்குதா?"

"ஏரியில நிக்குது."

"அப்ப ஏரியில கொஞ்சம் எறங்கி, தலையில சாமானத் தூக்கிக்கிட்டு..."

"தண்ணி எங்களத் தேடி வந்தப்பவே ஓடுனோம். இப்ப நாங்க அதத் தேடிப் போவணுமாக்கும்!"

கூட்டம் சிரித்தது. நாசரும் சிரித்துவிட்டு ஏரியைக் கைவிட்டார்.

இடியாமல் நின்ற ஒரு வீட்டுச் சுவரின் முன்னால் ஆண்களை நிறுத்தினார். அவர்களுக்குத் தெரிந்தது ஜெயங்கொண்டம் ஸ்டுடியோவில் எடுக்கும் போட்டோ. கையைத் தொடையோடு ஒட்டி, கண் இமைக்காமல் நின்றார்கள்.

"கொஞ்சம் அசையுங்கண்ணே. இது போட்டோ இல்ல, சினிமா."

"அசைஞ்சா படம் கலங்கிப் போவாது?"

"போவாது. நல்லா அசையுங்க."

"சாமி வந்தாத்தான் பாய் நாங்க அசைவோம்" என்றார் மதுரைவீரன், உதடு அசையாமல்.

பெண்கள் கூட்டமாக நிற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். "ஒவ்வொருத்தியா எடுங்க பாய். கும்பலா நின்னா மொகம் எங்க தெரியப்போவுது?" என்றாள் கொளஞ்சி. முதலில் செங்கமலம் வந்து நின்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்தவள் வர நேரமாயிற்று. அவள் போய் அதற்கடுத்தவள் வர இன்னும் நேரமாயிற்று. உள்ளேயிருந்து கிசுகிசுப்பும் சிரிப்பும் "இழுக்காதடி, கிழிஞ்சிரும்" என்ற அதட்டலும் கேட்டன.

"சீக்கிரம் வாங்கக்கா, வெயில் போவுது!"

"இருங்க பாய், கொசுவம் நிக்க மாட்டேங்குது!"

நாசர் ஒற்றைக் கண்ணை மூடி, இன்னொரு கண்ணால் வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து பேர் வந்துபோனதும் ரோல் முடிந்தது. செங்கமலம் அதன்பிறகு வழியனுப்பக்கூட வெளியே வரவில்லை. ராங்கி பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டார்.

5

ரோல் தபாலில் பம்பாய்க்குப் போய், கழுவி, தை பிறந்து வந்தது. நாசர் சுவரில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். எண்ணெய் வைத்துப் படிய வாரி, பொட்டு வைத்து, நிமிர்ந்து நிற்கும் ஆட்கள். "ஜவுளிக்கடை வெளம்பரம் மாதிரியில்ல இருக்கு" என்றாராம். வேறு ரோல் இல்லை. லீவும் முடிகிறது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மண்டியில் எல்லோருக்கும் காட்டுவதாகச் சொல்லியாகிவிட்டது.

"முதல்ல எங்களுக்குப் போடுங்க" என்றார் குல்சும் அக்கா. "நாங்க மண்டிக்கு வர முடியாதுல்ல."

வியாழக்கிழமை மத்தியானம் வீட்டுக் கூடத்தில் ஜன்னல்களை ஜமக்காளத்தால் மூடினார்கள். தெருப் பெண்கள் வந்து நிறைந்தார்கள். அக்கா புரொஜக்டரை ஓட்டினார். நாசர் வாசல் திரைக்கு வெளியே நின்றார். சுவர் அவருக்குத் தெரியவில்லை. பேச்சு மட்டும் கேட்டது.

"நல்லாத்தானே இருக்காளுவ. இதுக்கெதுக்கு வசூலு?"

"இந்த நெட்டச்சியப் பாரு, சீலை கரண்டைக்காலுக்கு மேல ஏறிக் கெடக்கு."

"அடுத்தவளுக்குத் தரையில பெரளுதே!"

"எல்லாம் ஒரே கத்திரிப்பூ கலரு. ஒரே கடையில எடுத்திருப்பாளுவ போல."

அப்போது நாசருடைய மாமி ரஹ்மத்தின் குரல்: "குல்சும், திருப்பிப் போடு. மொதல்ல இருந்து."

மறுபடி ஓடியது.

"முந்தானையில ஒரு ஒட்டுத் தையல் இருக்கு பாரு, மஞ்ச நூல்ல. இவளுக்கும் இருக்கு. இந்தா, இவளுக்கும். கடையும் ஒண்ணுதான். சீலையும் ஒண்ணுதான்."

திரைக்கு வெளியே நின்ற நாசருக்குப் புரொஜக்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சுருள் முடிந்து, நுனி படபடவென்று அடித்துக்கொண்டது. யாரும் அதை நிறுத்தவில்லை.

* கல்லூரியில் படித்தது: சினிமா என்பது அசையாத படங்களின் வரிசை. ஒரு படம் போய் அடுத்தது வரும்வரை புரொஜக்டர் ஒளியை மறைத்துவிடுகிறது. முந்தைய படம் கண்ணில் சற்றுத் தங்குவதால் அந்த இருட்டு நமக்குத் தெரிவதில்லை. இதை எழுதும்போது அந்தச் சாத்திய கதவு நினைவுக்கு வந்தது. உள்ளே என்ன நடந்தது, முறைக்குக் காத்திருந்தவர்கள் எதைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். கதவைச் சாத்தியவர்கள் அவர்கள்.

6

நாசர் அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். சந்தோஷமாகப் போனார் என்பதை மறைக்க முடியாது. நாளைக்கு என்ன பேசுவது என்று தெரிந்துவிட்டது. இந்தச் சீலையைப் பாருங்கள் என்று சொன்னால் போதும், எந்த மண்டிக்காரரும் எழுந்து போக மாட்டார். ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் போனார்.

செங்கமலம் அடுப்பிலிருந்து திரும்பாமல் கேட்டாள். "பொம்பளைங்க கண்டுபுடிச்சாங்களா? கண்டுபுடிக்கட்டும். அவங்களுக்குத் தெரியாதா."

"எப்புடி இது மட்டும் மிஞ்சுச்சு?"

"குன்னத்துல சித்தி மவ கலியாணம். வெள்ளத்தன்னிக்கு நான் அங்க இருந்தேன், இதக் கட்டிக்கிட்டு. ஊருக்கு வந்து பாத்தா ஊரே இல்ல."

"நாளைக்கு மண்டியில இதச் சொன்னா நெலம் கெடைச்சிரும்க்கா."

"வேணாம் பாய்."

"சொல்லுங்க பாய்" என்றாள் கொளஞ்சி, இடுப்பில் பிள்ளையோடு வாசலில் நின்று. "மைக்கு வச்சுச் சொல்லுங்க."

"ஒனக்கென்னடி, சீலை என்னுது."

"கட்டுன ஒடம்பு என்னுது. இவனத் தலையில வச்சுக்கிட்டு மாருத் தண்ணியில ஓடியாந்தேன். கலியாண வூட்டுல பந்தியில ஒக்காந்திருந்தவளுக்கு அது தெரியுமா? இன்னொருக்கா என்னால ஓட முடியாது."

செங்கமலம் அதற்குக் கோபப்படவில்லை. விறகை உள்ளே தள்ளினாள்.

"சனிக்கிழம அதே மண்டியில நாமதானடி வெங்காயம் ஆயப் போவணும். ஒவ்வொருத்தனும் நம்ம முந்தானையத்தான் பாப்பான். அதுக்குத்தானே அன்னிக்கு ஒவ்வொருத்தியா நின்னோம்?"

பிள்ளை கொளஞ்சியின் மூக்கைப் பிடித்து இழுத்தது.

நாசர் சைக்கிளைத் திருப்பியபோது செங்கமலம் வெளியே வந்தாள்.

"சொல்லாமயே குடுத்தாங்கன்னா ரொம்ப நல்லது. சொல்லித்தான் ஆவணும்னா, படம் ஓடி முடியட்டும். நாங்க செவுத்துல நிக்கிறப்ப சொல்லாதீங்க பாய்."

[அக்கா இங்கே நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.]

7

வெள்ளிக்கிழமை. மண்டி ஜன்னல்களில் சாக்குத் தொங்குகிறது. வெங்காய நெடி. படம் ஓடுகிறது. மதுரைவீரன் விறைத்து நிற்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மூலையில் நிற்கும் மதுரைவீரனும் சிரிக்கிறார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து போகிறார்கள். படம் முடிந்து சுவரில் வெறும் வெளிச்சம் விழுகிறது.

"நம்மள விட நல்லாத்தான்பா இருக்காங்க" என்கிறது ஒரு குரல்.

இதற்குமேல் அக்காவுக்குத் தெரியாது. நாசர் சொன்னதாக ஒருவர் சொன்னாராம், சொல்லவில்லை என்று இன்னொருவர். நாசர் வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் படுத்துக்கொண்டார், இரண்டு நாளில் விமானம் ஏறிவிட்டார். அவர் இப்போதும் சார்ஜாவில்தான். கடிதத்தில் கேளுங்களேன் என்று அக்காவிடம் சொல்ல எனக்குக் கூச்சம்.

பஸ் ஏறிப் போய், மேட்டில் வீடு இருக்கிறதா என்று பார்க்கலாமே என்பீர்கள். இருந்தால் நாசர் சொன்னார் என்று ஆகுமா? இல்லாவிட்டால் சொல்லவில்லை என்று ஆகுமா? சர்க்கார் கட்டியிருக்கலாம். நாசர் சொல்லியும் அவர்கள் தராமல் இருந்திருக்கலாம். விளைவை மட்டும் வைத்துக்கொண்டு காரணத்தை எழுதினால் எங்கள் புரொபசர் சிவப்பு மையில் சுழித்துவிடுவார்.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. நாசர் சொல்கிறார். மண்டியே கலங்குகிறது. மேட்டில் வீடு எழும்புகிறது. சனிக்கிழமை செங்கமலம் வெங்காயம் ஆய வரவில்லை, அதற்கடுத்த

ஆ. நாசர் சொல்லவில்லை. செங்கமலம் தலை நிமிர்ந்து வேலைக்கு வருகிறாள். ஐப்பசியில் கொளஞ்சி பிள்ளையைத் தலையில் வைத்துக்கொண்டு

இ. மதுரைவீரன் முன்னே வந்து நேரடியாக நிலம் கேட்கிறார். [இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவர் மூட்டை தூக்கும் மண்டி அது. நான் எழுதினால் பேசுவார். அதனாலேயே எழுதவில்லை.]

8

நான் அந்த மண்டிக்குள் வர முடியாது. அன்று பெண்கள் யாரும் வர முடியாது. நான் குல்சும் அக்காவோடு தெருக்கோடியில் நிற்கிறேன். உங்களைத்தான் உள்ளே விட்டிருக்கிறேன்.

அவள் கேட்டபடி படம் முடிந்துவிட்டது. சுவரில் யாரும் இல்லை. கூடத்தில் பார்த்த பெண்கள் வீட்டில் வாய் திறக்கவில்லை. மதுரைவீரனை விட்டால், சீலையைப் பற்றித் தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டே பேர், நாசரும் நீங்களும்.

முன்வரிசைப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கிறார். அவர் எழுந்தால் மற்றவர்களும் எழுந்துவிடுவார்கள்.

நாசர் உங்களைப் பார்க்கிறார்.