சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு சமையலறை

ஆனி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை காலை, குத்தாலத்துக்குத் தெற்கே ஒரு காலிமனையில், தரையில் சுண்ணாம்புப் பொடியால் வரைந்த சமையலறைக்குள் குந்தவை மாட்டிக்கொண்டாள். சுவர் எழும்பவில்லை, கடைக்கால்கூடத் தோண்டவில்லை. வெறும் வெள்ளைக் கோடுகள்தான். ஆனால் அவற்றைத் தாண்டி அவளால் வெளியே வர முடியவில்லை. வெளியில் நின்றவர்களாலும் உள்ளே போக முடியவில்லை.

அந்த மனை அவளுடைய மாமனார் பஞ்சநதத்துக்குப் பாகப்பிரிவினையில் வந்தது. பழைய வீட்டை இடித்துவிட்டு அண்ணனும் தம்பியும் நடுவில் கயிறு பிடித்தபோது ஆளுக்குப் பன்னிரண்டடி அகலம் கிடைத்தது. நீளம் மட்டும் தெருவிலிருந்து கொல்லை வாய்க்கால்வரை ரயில்பெட்டி மாதிரி ஓடியது. கிழக்குப் பாதி தம்பி இராஜாங்கத்துக்குப் போனது. தன் மண்ணில் சாரக்கால் ஊன்றக் கூடாது, செங்கல் இறக்கக் கூடாது என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். மேற்கில் நெல் குடோனின் நெடுஞ்சுவர். சாரம் கட்ட இடமில்லாத மனைக்கு ரெடிமேட் வீடுதான் சரி என்று தோஹாவிலிருந்து கண்டுபிடித்தவன் குந்தவையின் கணவன் சூர்யபிரகாஷ். சுவர்களைப் பட்டறையிலேயே பலகை பலகையாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, இரும்புச் சட்டத்தில் மாட்டி, அவன் லீவு முடிவதற்குள் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்றான்.

குடும்பம் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் முன்னறையில், செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, தகப்பனும் மகனும் தை மாதத்திலிருந்து வைகாசி வரைக்கும் பிளான் போட்டார்கள். தோஹாவில் சூர்யபிரகாஷ் பதினான்கு வருஷமாக அடுத்தவன் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். சொந்த வீட்டு வாசலில் சொந்தக் கார் நிற்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஆகவே முன்னால் கார் போர்டிகோ. அதற்குப் பின்னால் கூடம், கூடத்திலிருந்து மாடிப்படி. அதையடுத்துப் பஞ்சநதத்தின் சாமி ரூம். கடைசியில் சமையலறை, அதோடு ஒட்டி, அதற்குள்ளிருந்தே போகிற ஒரு குளியலறை. குந்தவை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவள் குத்தகைக்கு எடுத்த வயல் இருந்தது. சேற்றுக் காலோடு நேரே வர சமையலறைக்குக் கொல்லைக் கதவு வேண்டும் என்றாள். தெற்கு வாசல் ஆகாது என்று பஞ்சநதம் அதை எடுத்துவிட்டார். கூடத்துப் பக்கம் இருந்த கதவைச் சாமி ரூமுக்காகக் கொஞ்சம் தள்ளினார்கள். போர்டிகோவை நீட்டியபோது இன்னும் கொஞ்சம் தள்ளினார்கள். கடைசித் திருத்தத்தில் அந்தக் கதவு எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை. சூர்யபிரகாஷ் போனிலேயே ஓகே கொடுத்தான்.

மனை குறிக்க வந்த கம்பெனி என்ஜினியர் ஜெனித் சின்னப் பெண், மரியாதை தெரிந்தவள். பாத்திரம் தேய்க்கும் தொட்டி எந்தப் பக்கம் வேண்டும் என்று குந்தவையைக் கேட்டாள். அத்தனை மாதத்தில் அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. குந்தவை நடுவில் போய் நின்று, வாய்க்கால் தெரிகிற பக்கமாகக் கையைக் காட்டினாள். அவளைச் சுற்றி ஆட்கள் கோடு போட்டு முடித்தார்கள். திரும்பி வர எட்டு வைத்தவளின் நெற்றி எதிலோ இடித்தது.

கடப்பாரையால் இடித்துப் பார்த்தார்கள். கடப்பாரை திரும்பி வந்தது. கோட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். சுண்ணாம்பு போனது, சுவர் போகவில்லை. ஏணி வைத்து மேலே ஏறிய ஆள், பிளானில் கூரையும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினான். அன்று சாயங்காலம் பெய்த மழை அவள் தலைக்கு மேல் பத்தடி உயரத்திலேயே நின்று, சரிவாக ஓடி, வாய்க்கால் பக்கம் வழிந்தது. ஆனால் வெயில் தடையில்லாமல் உள்ளே விழுந்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்துவிட்டு, மனை பட்டாவில் உள்ளபடி சரியாக இருக்கிறது என்றார். தொட்டிக்கு மேல் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று பிளானில் இருந்ததை ஜெனித்தான் தடவிக் கண்டுபிடித்தாள். தட்டைச் சாய்த்துப் பிடித்தால் அதன் வழியே உள்ளே போனது. பாய் போனது, தண்ணீர் விட ரப்பர் குழாய் போனது, நாலு பழைய புடவைகள் போயின. அவற்றைக் குளியலறையைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

"ஒரு ரெண்டு நாள் பொறுத்துக்கம்மா. பிளானை மாத்தச் சொல்லிருக்கேன்" என்றார் பஞ்சநதம்.

மாற்றுவது லேசாக இல்லை. கிழக்கே கதவு வைத்தால் இராஜாங்கத்தின் மண்ணில் கால் வைக்க வேண்டும். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். சாமி ரூம் வழியாக வைக்கலாம் என்றபோது, எச்சில் கையோடு நடமாடுகிற வழியா அது என்று பஞ்சநதம் கோபித்துக்கொண்டார். சாமி ரூமை முன்னால் நகர்த்தினால் போர்டிகோவில் காரின் பின்பக்கம் வெளியே நிற்கும். "அந்த ஒண்ணை மட்டும் கேக்காத குந்தவை" என்று சூர்யபிரகாஷ் போனில் கெஞ்சினான். அவளுக்கே பாவமாக இருந்தது.

ஹோட்டல் சாப்பாடு பஞ்சநதத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாலாம் நாள் அவர் குடோனிலிருந்து ஒயர் இழுத்து, ஒரு சிறிய கரண்ட் அடுப்பைப் பக்கவாட்டில் திருப்பி ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார். பின்னாலேயே அரிசி, பருப்பு, முருங்கைக்காய் எல்லாம் வந்தன. சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சமைக்கலாம் என்று அவளும் சமைத்தாள். அதற்குப் பிறகு வீடு பழையபடி நடக்கத் தொடங்கியது. வேளைக்குக் காப்பி வெளியே போனது, கழுவ வேண்டிய டம்ளர் உள்ளே வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அவள் கைச் சாம்பாரின் வாசனையைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். கணவன் போனில் பிளானைப் பற்றிப் பேசுவது குறைந்து, என்ன சமையல் என்று கேட்பது கூடியது. தன்னை வெளியே எடுக்க யாருக்கும் அவசரம் இல்லை என்பது ஒரு மத்தியானம், கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது குந்தவைக்குத் தெரிந்தது. அவள் அழவில்லை. கீரையை முழுக்க ஆய்ந்து முடித்தாள். பிறகு எழுந்தாள். சுவருக்கு அப்பால் ஊரெல்லாம் பட்டப்பகலாகத் தெரிய, கண்ணாடித் தொட்டி மீனைப் போல அந்தப் பத்தடிக்குள் நடந்துகொண்டே இருந்தாள்.

அதற்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. தொட்டி ஜன்னலிலிருந்து பார்த்தால் அவளுடைய நாற்றங்கால் தெரியும். நாற்று உயர்ந்து, கரும்பச்சையாகி, முற்றத் தொடங்கியிருந்தது. நடவு ஆட்களுக்குத் தலைமையாக வரும் பாத்திமா மேரி ஜன்னலண்டை வந்து நின்றாள்.

"நாத்து தாங்காது குந்தவை. இந்த வாரம் பறிக்கலன்னா மாட்டுக்குத்தான் போடணும். நாங்களே நட்டுடவா?"

"நானில்லாமயா? மேட்டுப் பக்கம் தண்ணி ஏறாது, கூடவே நின்னு கட்டணும். ரெண்டு நாள் பொறுங்க, வந்துடறேன்" என்றாள் குந்தவை. எப்படி என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் ஜெனித் வந்தாள். பட்டறையில் பலகை வெட்டப் போகிறார்கள், அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது என்று சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கதவு எங்கன்னு சொல்லுங்கக்கா, எங்கயாவது வரைஞ்சுடறேன். ஆனா உங்க வீட்டு சார் ஓகே சொன்னாத்தான் பைல் மாறும்."

குந்தவை கம்பி வழியே அந்த மடிக்கணினியைப் பார்த்தாள். போர்டிகோ, கூடம், சாமி ரூம், கடைசியில் அவள். எல்லோருக்கும் இடம் போதவில்லை. அந்த மனையில் யாருக்குமே இடம் போதவில்லை.

"கதவே வேண்டாம் ஜெனித். சமையல்கட்டை எடுத்துடு" என்றாள். "அவருக்குப் போனைப் போடு."

சூர்யபிரகாஷ் அப்போதுதான் யாரையோ விமான நிலையத்தில் இறக்கிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். பஞ்சநதமும் ஜன்னலருகே வந்து நின்றார். பின்னால் பத்தடி இடம் மிச்சமாகிறது, அதை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள் என்று குந்தவை சொன்னாள்.

"அப்போ போர்டிகோ எவ்வளவு கூடும்?" என்று கேட்டான் சூர்யபிரகாஷ்.

"பெரிய காரே நிக்கும் சார்" என்றாள் ஜெனித்.

"சாமி ரூம்ல அஞ்சு பேர் உக்கார முடியுமா?" என்றார் பஞ்சநதம்.

"பத்துப் பேர் உக்காரலாம் தாத்தா."

இருவரும் ஒரே மூச்சில் ஓகே என்றார்கள். குளியலறைக் கதவைக் கூடத்துப் பக்கம் திருப்பிவிட்டு, ஜெனித் சமையலறையைத் தேர்ந்தெடுத்து ஒரு விசையைத் தட்டினாள். குந்தவையின் முகத்தில் வயல் காற்று அடித்தது. அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அதை இறக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாய்க்காலில் இறங்கி, மறுகரை ஏறினாள். அன்று பறித்த நாற்றை மறுநாள் நட்டார்கள். மேட்டுப் பக்கம் தண்ணீர் ஏறுகிறவரை அவள் அங்கேயே நின்றாள்.

ஆடி முடிவதற்குள் பலகைகள் வந்தன. வீடு பிளானில் இருந்தபடியே எழும்பியது. குடிபுகுந்த மறுநாள் காலை பஞ்சநதம் காப்பிப்பொடி டப்பாவோடு கூடத்துக்கும் மாடிக்குமாக வெகுநேரம் அலைந்தார். குந்தவை வயலுக்குப் போயிருந்தாள். சாமிக்கு நைவேத்தியம் பண்ண வேண்டுமே என்று சொல்லிக்கொண்டு, அவர் அடுப்பைச் சாமி ரூம் மூலையில் வைத்தார். முதலில் ஒரு கைப்பிடிப் பொங்கல், பிறகு சாமிக்குப் போக மூன்று பேருக்கு. லீவில் வந்த சூர்யபிரகாஷ் போர்டிகோவில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தான். அவ்வளவு விசாலமான இடம் வீட்டில் வேறெங்கும் இல்லை. மாமனாரின் கைக்குப் புளி கொஞ்சம் கூடத்தான் என்று குந்தவை பாத்திமா மேரியிடம் சொன்னாள். அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் இராஜாங்கமும் தன் பாதியில் அதே கம்பெனி வீட்டுக்குப் பணம் கட்டினார். மனை குறிக்கிற அன்று ஜெனித் கையைத் தூக்கி ஆட்களை நிறுத்தி, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று சத்தமாகக் கேட்டாள். அந்தப் பக்கத்தில் இப்போது எல்லாக் கம்பெனிக்காரர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். "இருங்க, வந்துடறேன்" என்று இராஜாங்கத்தின் மனைவி நீலாம்பாள் குரல் கொடுத்தாள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்து நின்றதும் கோடு போட்டார்கள்.