சலுகை பற்றி சக்ரபாணி எழுதியது

தண்டலத்தில் முதலீட்டு ஆலோசகராக இருக்கும் சக்ரபாணி, தொழிற்சாலைகளுக்கு அரசு தரும் வரிச்சலுகை வீண் என்று தன் மாத மடலில் எழுதியிருந்தார். மியூச்சுவல் ஃபண்டு பற்றிக் கேட்க வந்த மாரிசெல்வி, காத்திருந்த நேரத்தில் அதைப் படித்துவிட்டாள். ஒரகடத்தில் செல்போன் பாகங்கள் பொருத்தும் லைனில் அவளுக்கு வேலை.

"அந்தக் கம்பெனி வரலன்னா நான் இன்னும் தென்காசியில பீடிதான் சுத்திக்கிட்டிருப்பேன், சார்."

இப்படி ஒருத்தியை நினைக்காமலே எழுதிவிட்டோமே என்று சக்ரபாணிக்கு உறுத்தியது. ஆனாலும் கேட்டார்: "சலுகை முடிஞ்சதும் கம்பெனி கிளம்பிட்டா என்னம்மா பண்ணுவீங்க?"

"அதுக்குத்தான சார் உங்ககிட்ட வந்திருக்கேன்!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆறு மாதச் செலவுக்கான பணத்தை முதலில் வங்கியில் சேர்க்கச் சொன்னார். ஃபண்டெல்லாம் அப்புறம்தான் என்றார்.