ஏற்றத்தில் இழுக்காத லாரி

"வண்டிக்கு ஒண்ணுமில்ல, ஹாஜி. ஓட்டுறவருக்குத்தான் வயசாயிடுச்சு."

என் கணவர் முத்லக் இதைச் சொன்னபோது எங்கள் பட்டறையில் ஏழெட்டு டிரைவர்கள் இருந்தார்கள். மஆன் ஊரில் அகபா சாலையை ஒட்டிய பட்டறை அது. அதன் பின்சுவர்தான் என் சமையலறைச் சுவர். சன்னலைச் சாத்தினாலும் பேச்சு உள்ளே வந்துவிடும். அன்றைக்குச் சிரிப்பும் வந்தது.

டிரைவர்களில் சிரிக்காதவர் ஸுவைலிம் ஒருவர்தான். முப்பத்தொரு வருஷமாக அகபா துறைமுகத்திலிருந்து லோடு ஏற்றி வருகிறவர். முதலாளி துர்கி ஹாஜியின் லாரியை அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நான் சொல்றதைக் கேளு, முத்லக்," என்றார். "சமதரையில நல்லாத்தான் ஓடுது. லோடோட நகப் மலை ஏத்தத்துல ஏறினா மூச்சு முட்டுது. ஆறாவது கியர்ல ஏறுற இடத்துல மூணு கேக்குது. கண்ணாடியில பாத்தா பின்னாடி ஒரே கறுப்புப் புகை."

"ஒரு லைட்டாவது எரிஞ்சுதா?"

"இல்ல."

"கம்ப்யூட்டர் மாட்டிப் பாத்தேன், ஒரு கோளாறும் காட்டல. காலி வண்டிய நானே ஊரைச் சுத்தி ஓட்டிப் பாத்தேன், நல்லா பறக்குது. நேரத்துக்குக் கியர் மாத்தினா ஏன் ஏறாது?"

"கண்ணாடி போட்டுப் பாருங்க அண்ணே, கியர் நம்பர் தெரியும்!" என்று ஒருவன் கத்தினான். மறுபடி சிரிப்பு.

துர்கி ஹாஜி சிரித்துப் பேசுகிற ஆளில்லை. "சாவியக் குடு, ஸுவைலிம்," என்றார். "கொஞ்ச நாள் வீட்டுல இரு. என் அக்கா மகன் ஓட்டட்டும்."

சாவி கைமாறியது எனக்குக் கேட்கவில்லை. அதற்குப் பின் ஸுவைலிம் சொன்ன சலாம் கேட்டது. எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார், முத்லக்கையும் சேர்த்து.

அந்த லாரி ஐரோப்பாவில் பத்து வருஷம் ஓடிவிட்டு இங்கே வந்தது. அங்கே புகையைச் சுத்தம் செய்ய என்னென்னவோ வைத்து அனுப்புகிறார்கள். சைலன்சரில் ஒரு வடிகட்டி. வெளியே போகிற புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள்ளேயே திருப்பிவிட ஒரு குழாய். நம் ஊர் டீசலுக்கு அந்த வடிகட்டி நாலைந்து மாதத்தில் அடைத்துக்கொள்ளும். அதனால் வண்டி வாங்கிய கையோடு எல்லாரும் முத்லக்கிடம் வந்துவிடுவார்கள். அவர் வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிடுவார், திரும்பி வரும் குழாயை ஒரு தகடு வைத்து அடைத்துவிடுவார். பிறகு கம்ப்யூட்டருக்கு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேயிருக்க ஒரு சின்னப் பெட்டி மாட்டுவார். டிரைவர்கள் அதைப் பொய்ப்பெட்டி என்பார்கள். இந்த வேலைக்கு மஆனில் முத்லக்கை விட்டால் ஆளில்லை என்று நானே கல்யாண வீடுகளில் பெருமை அடித்திருக்கிறேன்.

எட்டாம் நாள் அந்த லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"ரெண்டாவது வளைவுலயே நின்னுடுச்சு," என்றான் ஹாஜியின் அக்கா மகன். "பின்னாடி நாப்பது வண்டி. எல்லாரும் எங்க அம்மாவத் திட்டுறாங்க."

துர்கி ஹாஜி மெதுவாகத்தான் கேட்டார். "இவனுக்கும் வயசாயிடுச்சா, முத்லக்? இருபத்தாறுதான் ஆகுது."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

முத்லக் இரண்டு நாள் அந்த வண்டியோடு கிடந்தார். டீசல் ஃபில்டரை மாற்றினார், காற்று ஃபில்டரைத் தட்டினார், டர்போ குழாய்களில் சோப்புத் தண்ணீர் ஊற்றி எங்காவது நுரை கிளம்புகிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் நான் டீ கொண்டுபோனபோது, முன்பக்கம் சாய்த்து வைத்த கேபினுக்குக் கீழே கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்து எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, வண்டி பேசுதா?"

"எல்லாத்தையும் பாத்துட்டேன், உம்மு ராயித்." ராயித்தின் அம்மா என்று மகன் பெயரைச் சேர்த்துத்தான் என்னைக் கூப்பிடுவார்.

"எல்லாத்தையுமா?"

"நான் போட்டதை மட்டும் பாக்கல."

"அதை ஏன் பாக்கல?"

டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு எழுந்தார். திரும்பி வரும் குழாயின் வாயில் நான்கு போல்ட்டுகள். கடைசி போல்ட்டைக் கழற்றியதும் குழாய் வாயிலிருந்து தார் மாதிரி கரி வழிந்து வந்தது. உள்ளங்கை அளவுத் தகட்டை அவர் இடுக்கியால் எடுத்தார். நடுவில் பொத்தல். பொத்தலைச் சுற்றி அரித்துத் தின்ற மாதிரி இருந்தது. ஓரத்தில் மட்டும் தீ படாமல் கொஞ்சம் பச்சைப் பெயின்ட், ஒரு செம்மறியாட்டின் பின்னங்கால்.

எனக்கு அந்த ஆட்டைத் தெரியும்.

"இது என் நெய் டின்."

"ஆமா."

"துணி ஊறப்போட வச்சிருந்தேன். எங்க போச்சுன்னு ரெண்டு நாள் தேடினேன்."

"ஸ்டீல் தகடு வரல. ஹாஜி அவசரப்படுத்தினாரு. டின்ன வெட்டி ரெட்டையா மடிச்சுப் போட்டேன். தகடு வந்ததும் மாத்திடலாம்னுதான்."

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"மாத்தலையா?"

"ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு."

எரிந்த தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடம் சொல்கிற மாதிரி தனக்கே சொல்லிக்கொண்டார்: "சும்மா ஓட்டினா ஒண்ணும் தெரியாது. ஏத்தத்துல முழுசா மிதிக்கும்போது சூட்டுப் புகை இந்த ஓட்டை வழியா உள்ள புகுந்துடுது. எஞ்சின் காத்துக்குப் பதிலா தன் புகையையே இழுக்குது. அப்புறம் இழுவை எங்கேருந்து வரும்?"

"அப்ப லைட்டு ஏன் எரியல?"

"அப்படி ஒரு குழாய் இருக்கிறதையே மறந்துடுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லி வச்சதே நான்தானே?"

சாயங்காலத்துக்குள் கரியைச் சுரண்டி எடுத்தார், தடித்த ஸ்டீல் தகட்டை வெட்டிப் பொருத்தினார். ஹாஜிக்கு ஃபோன் போட்டார். "ஒரு அடைப்பு, ஹாஜி. எடுத்தாச்சு. இனிமே ஏறும்."

நான் அங்கேயே நின்றிருந்தேன். "அடைப்பா?"

"வேற என்ன சொல்லச் சொல்றே?"

"ஸுவைலிமுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

தலையைத் தூக்கவில்லை. "வெள்ளிக்கிழமை போறேன்," என்றார்.

சும்மா போகவில்லை, முறையாகவே போனார். எங்கள் வம்சத்துப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தொழுகை முடிந்ததும் போனோம். ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் ஸுவைலிமின் மனைவி நோஃபாவோடு.

நோஃபா பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினாள். "அம்மான் நகரத்துக்குப் போய்க் கண் டாக்டரைப் பாத்தோம்," என்றாள் குரலைத் தாழ்த்தி. "கண்ணு நல்லா இருக்குன்னுட்டாரு. இவரு நம்பணுமே! அப்ப கோளாறு கால்லதாங்கறாரு. உக்காந்த இடத்துல வலது கால அழுத்தி அழுத்திப் பாத்துக்கிட்டே இருக்காரு. 'வேகம் போயிடுச்சு நோஃபா, எனக்கே தெரியாம போயிடுச்சு'ங்கறாரு."

திரைக்கு அந்தப் பக்கம் காப்பி வந்தது. எங்கள் வழக்கப்படி ஒரு காரியமாக வந்தவர் காப்பிக் குவளையை வாங்கித் தரையில் வைத்துவிடுவார். வந்த காரியம் ஆச்சு என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் குடிப்பார். குடித்துவிட்டால் விஷயம் முடிந்தது, பிறகு அதைக் கிளறக் கூடாது. முத்லக் குவளையை வைத்த சத்தம் கேட்டது.

"ஸுவைலிம், உன்கிட்ட எங்களுக்கு ஒரு காரியம் இருக்கு," என்றார் பெரியவர்.

"எதுவானாலும் ஆச்சு. குடிங்க."

"அண்ணே, முதல்ல நான் சொல்றதைக்..." முத்லக்கின் குரல்.

"எதுக்கு? அன்னிக்குப் பேசின பேச்சுக்குத்தானே வந்த? நீ சொன்னது நிஜம்தான், முத்லக். நானும் யோசிச்சுப் பாத்துட்டேன். எனக்கு முடியல. நிஜத்தைச் சொன்னவன் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்? குடிப்பா. என் வீட்டுல காப்பி ஆறக் கூடாது."

"இல்லண்ணே, அந்த வண்டியில..."

"வண்டிப் பேச்சு வேண்டாம். எனக்காகக் குடி."

பிறகு பெரியவர்கள் இருவரும் "அல்லாஹ் உன் முகத்தைக் களங்கமில்லாம வெளுப்பா வைக்கட்டும்" என்று ஸுவைலிமை வாழ்த்தினார்கள். முத்லக் குடித்துவிட்டார் என்று புரிந்தது.

நோஃபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல மனசு உன் வீட்டுக்காரருக்கு. இவ்வளவு தூரம் வந்தாரே."

அவள் காது என் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் பேரீச்சம்பழம் எந்தத் தோட்டத்தது என்று கேட்டேன்.

பெரியவர்களை இறக்கிவிட்ட பிறகுதான் வண்டிக்குள் வாயைத் திறந்தேன். "குடிச்சுட்டீங்க."

"அவர் பேச விட்டாரா? நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"

"நெய் டின்னு. ரெண்டே வார்த்தை. அதுக்கு அவர் வேற இடம் விடணுமா?"

"நோஃபாகிட்ட நீ சொல்லியிருக்கலாமே."

ஸுவைலிமின் காலைப் பற்றி நோஃபா சொன்னதைச் சொன்னேன். முத்லக் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டார். "கால்லயா?" என்றார். "கோளாறு கால்லன்னா சொன்னாரு?" என்று மறுபடி கேட்டார். எதிரே வந்த லாரிகள் ஹாரன் அடித்து அவருக்குச் சலாம் சொல்லிக்கொண்டு போயின. அவர் கையைத் தூக்கவில்லை.

சனிக்கிழமை முழுக்கப் பட்டறையைத் திறக்கவில்லை. ஞாயிறு காலை சட்டை மாற்றிக்கொண்டு வந்து, "ஹாஜியைப் பாக்கப் போறேன். நீயும் வா," என்றார்.

"ஹாஜியோட லாரி மைதானத்துக்கா? நான் எதுக்கு அங்க?"

"நீ கேட்டுக்கிட்டு இருந்தா மாத்திச் சொல்ல மாட்டேன்."

நான் வண்டியிலேயே இருந்தேன், கண்ணாடியை இறக்கிவிட்டு. லோடு எடுக்கக் கிளம்புவதற்கு முன்னால் டிரைவர்கள் பாயில் உட்கார்ந்து ரொட்டியும் அவரைப் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பட்டறையில் சிரித்தவர்களில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள்.

"உக்காரு, முத்லக், ஒரு வாய் சாப்பிடு."

"நின்னுக்கிட்டே சொல்றேன், ஹாஜி. எல்லாரும் கேக்கணும். ஸுவைலிம் அண்ணன் மேல தப்பு இல்ல. வண்டி நிஜமாவே இழுக்கல. அது என் வேலையால கெட்டது."

"அடைப்புன்னியே?"

"பொய் சொன்னேன். புகைக் குழாய அடைச்ச தகடு எரிஞ்சு ஓட்டையாயிடுச்சு. நான் போட்டது ஸ்டீல் இல்ல. நெய் டின்."

யாரோ ஒருவருக்கு ரொட்டி தொண்டையில் சிக்கியது. அப்புறம் ஆரம்பித்தது.

"மன்ஸஃப் கறிச்சோறு சமைக்கவா போட்டீங்க, அண்ணே?"

"அதான் ஏத்தத்துல பசிக்குதேன்னு பாத்தேன்!"

"இனிமே இவரு அபூ ராயித் இல்லப்பா, அபூ டின்! டின்னுக்கு அப்பா!"

முத்லக் நின்றுகொண்டே இருந்தார். அவருடைய காதுமடல் சிவந்தது எனக்கு வண்டியிலிருந்தே தெரிந்தது. சிரிப்பு ஓய்ந்ததும் துர்கி ஹாஜி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அவனை வீட்டுல உக்காரச் சொன்னது என் வாய், முத்லக். உன் பேச்சை நம்பிச் சொன்னேன்."

"ஆமா, ஹாஜி."

"முப்பத்தொரு வருஷ டிரைவர்."

"ஆமா."

"போ. நான் அவனைக் கூப்பிடறேன். இனிமே என் வண்டிய நீ தொட வேண்டாம்."

வீட்டுக்கு வந்தோம். நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கடைக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். டின் யாருடைய வீட்டு டின் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?

புதன்கிழமை அந்த லாரி முழு லோடோடு பட்டறை வாசலில் வந்து நின்றது. ஸுவைலிம் இறங்கினார். நான் சன்னலைத் திறந்தே வைத்தேன், ஒளிக்க இனி ஒன்றுமில்லை.

"ஏறிச்சா?" என்றார் முத்லக்.

"ஏறிச்சு. ஒரு தடவைகூட மூச்சு வாங்கல." ஸுவைலிம் உட்காரவில்லை. "ஞாயித்துக்கிழமையே வந்து உன்னைத் திட்டியிருப்பேன். ஏறிப் பாத்துட்டுத் திட்டலாம்னு இருந்தேன்."

"திட்டுங்க."

"என் வீட்டுல உக்காந்து, முடியலன்னு நான் என் வாயால சொல்றதைக் கேட்டுக்கிட்டு, குடிச்சுட்டுப் போனியே."

"ஆமா."

"ஏறி முடிச்சதும் வண்டிய ஓரம் கட்டிட்டு அழுதேன். அதை நோஃபாகிட்டகூடச் சொல்லல. உன்கிட்ட சொல்றேன், நீ வச்சுக்க."

முத்லக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"சரி, என்னை விடு. ஒரு டின்னுல ஒரு தகடுதான் வெட்டினியா?"

நான் சன்னலில் கையை ஊன்றிக்கொண்டேன். அத்தனை பெரிய டின். இத்தனை நாளில் எனக்கு அது தோன்றவே இல்லை.

"இல்ல," என்றார் முத்லக்.

"எத்தனை?"

"இன்னும் எட்டு. அந்த மாசம் முழுக்கத் தகடு வரல."

"எட்டு பேர்ல ஒருத்தனாவது இழுக்கலன்னு உன்கிட்ட வந்தானா?"

"வரல."

"எப்படி வருவான்? என் சாவி போனதைப் பாத்தவங்கதானே எல்லாரும். கீழ் கியர்ல உருட்டிக்கிட்டு வாய மூடிட்டுப் போயிட்டு வர்றாங்க. பேரைச் சொல்லு."

"ஜாஸிர்..."

"ஜாஸிரா? இன்னிக்கு அகபாவுல சிமென்ட் ஏத்தறான்." ஸுவைலிம் ஃபோனை எடுத்து எண்ணை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி முத்லக்கின் கையில் வைத்தார். "நீயே சொல்லு."

எதிர்முனையில் ஹாரன் சத்தமும் காற்றும். "அண்ணே, சலாம்! சொல்லுங்கண்ணே!"

"ஜாஸிர், நான் முத்லக் பேசறேன்."

அந்தப் பக்கம் குரல் ஒரு நொடி தடுமாறியது. பிறகு வேகமாக வந்தது. "முத்லக் அண்ணனா? வண்டி பிரமாதமா இருக்குண்ணே. ஒரு குறையும் இல்ல. ஏத்தமெல்லாம் சும்மா பிச்சுக்கிட்டுப் போகுது. முதலாளிகிட்ட கேட்டுப் பாருங்க!"

"இல்ல தம்பி. இழுக்காது. எனக்குத் தெரியும். நான் போட்ட தகடு எரிஞ்சிருக்கும். லோடு ஏத்தாம காலியா எடுத்துட்டு வா. உன் மேல தப்பில்லன்னு முதலாளிகிட்ட நானே சொல்றேன்."

லாரிக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது; காற்றிரைச்சல் நின்றது.

"நெசமாவாண்ணே?" என்றான் ஜாஸிர். "வண்டி ஓட்டறதையே விட்டுடலாம்னு நேத்துதான் வீட்டுல சொன்னேன்."

முத்லக் ஃபோனைத் திருப்பிக் கொடுக்க நீட்டினார். ஸுவைலிம் வாங்கிக்கொள்ளவில்லை. கவிழ்ந்து கிடந்த ஒரு டயரை இழுத்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"அடுத்தவன் யாரு?" என்றார்.