ஐஸ் பெட்டியில் வந்த ரத்தம்

ரத்தப் பரிசோதனைக் காகிதத்தில் எண் மறுபடியும் ஏறியிருந்தது. முதல் தடவை எண்ணூற்றுச் சொச்சம், அடுத்த தடவை ஆயிரத்துக்கு மேல், இப்போது ஆயிரத்து நானூறு. அந்தக் காகிதத்தைக் கிழித்து ஏரியில் வீசலாம் போலிருந்தது அஜ்வாங்குக்கு.

இடது மார்பில் கட்டி. வியாழக்கிழமை அறுத்து எடுப்பதாக நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் ரத்தத்தில் ஒரு நொதியை அளக்க வேண்டும். செல்கள் உடைந்தால் அது ரத்தத்தில் கொட்டிக் கூடுமாம். கூடினால் புற்று ஈரலுக்கோ எலும்புக்கோ பரவியிருக்கலாம். டாக்டர் வசோங்கா அந்த 'லாம்' என்பதை விழுங்கிவிட்டார்.

"பரவிடுச்சும்மா. இனிமே கத்தி வெச்சுப் பிரயோசனமில்ல. மாத்திரை எழுதித் தரேன்."

"ஸ்கேன் எடுத்துப் பாருங்களேன்."

"மெஷின் ரிப்பேர்."

வியாழக்கிழமைப் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு வேறொருத்தி பெயரை எழுதினார். இவ்வளவுதான் அவள் உயிருக்கு மரியாதை.

அஜ்வாங் மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக ரத்தப் பரிசோதனை அறைக்குள் நுழைந்தாள். அவளைப் போன்ற தக்காவிரித் தீவுக்காரர்களுக்குத் தீவு நர்ஸ்தான் ரத்தம் எடுக்க வேண்டும், எடுத்த ரத்தத்தை நோயாளியே படகில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அது ஆஸ்பத்திரிச் சட்டம்.

"என் ரத்தத்துல என்னடி குத்தம் கண்டே? ஏத்தி ஏத்தி எழுதுறே!"

ரத்தம் சோதிக்கும் அபோந்திக்கும் பொறுமை போய்விட்டது. "கத்தாதீங்கம்மா! மூணு தடவையும் 'ரத்தம் கெட்டிருக்கு, திரும்ப எடுங்க'ன்னு அடியில எழுதினேன். உங்க டாக்டர் நம்பரைத் தவிர எதையும் படிக்கமாட்டார்."

"கெட்டிருக்கா? இருபது வருஷமா மீன் அனுப்புறேன், ஒண்ணு கெட்டதில்ல. இதையும் ஐஸுக்குள்ள நல்லாப் புதைச்சுத்தான் கொண்டுவந்தேன். நம்பர் ஏறுதேன்னு இந்தத் தடவை ரெண்டு மடங்கு ஐஸ் போட்டேன்!"

அபோந்தி தலையில் கைவைத்துக்கொண்டாள். அந்த ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயை எடுத்துக் காட்டினாள். மேலே வெளிர்மஞ்சளாகத் தெளிய வேண்டிய நீர் செக்கச்செவேலென்று இருந்தது.

"ஐஸ் பட்டு உறைஞ்சு செல்லெல்லாம் வெடிச்சிருக்கு. நொதி கொட்டினது இந்தக் குழாய்க்குள்ளம்மா."

வேறு யாரையும் திட்ட முடியாததுதான் அஜ்வாங்குக்குப் பெரிய ஆத்திரம்.

அபோந்தி சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு அங்கேயே ரத்தம் எடுத்தாள். ஒரு மணி நேரத்தில் எண் வந்தது: நூற்றுத் தொண்ணூறு, எல்லாருக்கும் இருக்கிற அளவுதான். "இதை வெச்சு பரவலைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா பரவிடுச்சுன்னு சொல்றதுக்கும் இதுல ஒண்ணுமில்ல."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே. வசோங்கா காகிதத்தைப் பார்த்தார். "நல்லது, ஆபரேஷன் பண்ணலாம். ஆனா வியாழக்கிழமை நிரம்பிடுச்சு. அடுத்த தேதி ஏழு வாரம் கழிச்சுத்தான்."

அஜ்வாங் ஈரம் சொட்டும் பெட்டியை அவர் மேசைமேல், அந்தப் பட்டியலின்மேலேயே வைத்தாள்.

"மீனுன்னா ஐஸ் போட்டா பத்து நாள் தாங்கும், டாக்டர். இந்தக் கட்டியை ஏழு வாரம் எதுல போட்டு வைக்க?"