ரோஸ் நிற ஐஸ்

யூனிஸ் நீமெலாவுக்குத் தங்கை புருஷன் டுவேனைக் கண்டாலே ஆகாது. அவன் வாயடிக்காத விஷயம் உலகத்தில் கிடையாது; கையால் செய்து முடித்தது ஒன்றும் கிடையாது. அவள் கொல்லையில் நின்ற விறகு பாய்லர்தான் அவள் வீட்டுக்கும் பக்கத்திலிருந்த தங்கை வீட்டுக்கும் சூடு கொடுத்தது. அதன் வெந்நீர் மண்ணுக்கடியில் குழாய் வழியே இரு வீட்டுக்கும் போய்ச் சுற்றித் திரும்பும். விறகில் பாதி டுவேன் தருவதாகப் பேச்சு. அவன் கொண்டுவந்து கொட்டியதெல்லாம் ஈரம் காயாத மரம். புகை போடத்தான் லாயக்கு.

தண்ணீரை மட்டும் அவள் யாரையும் தொட விட்டதில்லை. முந்நூற்றைம்பது கேலன், துருப் பிடிக்காமலிருக்க மருந்து கலந்து மங்கலான ரோஸ் நிறத்தில் இருக்கும். சனிக்கிழமைதோறும் கொஞ்சம் பிடித்து ஆறவைத்துச் சோதனைச் சொட்டு விடுவாள். நிறம் மாற இருபது சொட்டு பிடித்தால் மருந்து போதுமான அளவில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஜனவரி இரண்டாம் வாரம் பதினாலாவது சொட்டிலேயே நிறம் மாறியது. அடுத்த வாரம் ஒன்பதில். நீர்மட்டமும் இறங்கிக்கொண்டே போனது. மாதத்துக்கு ஒரு வாளி ஊற்றிவந்தவள் இப்போது ஹோஸ் போட்டு நிரப்ப வேண்டியிருந்தது. மருந்து கலக்காத கிணற்றுத் தண்ணீர் சேரச் சேர இரும்பை உள்ளிருந்தே அரித்துவிடும். குழாய் போகும் வழி நெடுக நடந்து பார்த்தாள். எங்காவது கசிந்தால் மேலே பனி உருகியிருக்கும். இடுப்பளவு பனி அப்படியே கிடந்தது.

டுவேன் வீட்டுக்குப் போனாள். அவன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இறைச்சி அடைத்த பாஸ்டியில் கெச்சப்பைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"இங்க எங்கயாவது தண்ணி ஒழுகுதா டுவேன்?"

"தண்ணி கொதிச்சா ஆவியாப் போகும் யூனிஸ். ஸ்கூல்ல சொல்லித் தரலயா?"

"அது கொதிக்கவே கொதிக்காது. அதுக்கு முன்னாடியே தீ தானா அடங்கிடும்."

"அப்ப நீ சொட்டு எண்றதுலதான் கோளாறு. கண்ணு மங்கிப்போச்சு. டாக்டரைப் பாரு."

அடுப்படியில் நின்ற தங்கை லோர்னா திரும்பவில்லை. பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இந்த வெங்காயத்துடன் இருபத்தாறு வருஷம் எப்படித்தான் குப்பை கொட்டுகிறாளோ என்று எண்ணியபடி யூனிஸ் வெளியே வந்தாள்.

அந்த வருஷம் டுவேனுக்கு ஹாக்கிப் பித்து. தன் கொல்லையில் பலகை அடித்துப் பனித்தளம் அமைத்து, தன்னைப் போலவே தொப்பை விழுந்த ஆறு பேரைச் சேர்த்து ஆடிக்கொண்டிருந்தான். 'கண்ணாடி மாதிரி ஐஸ்' என்று ஊரெல்லாம் பெருமை. அடுத்த சனிக்கிழமை காலை மாடி ஜன்னலருகே காபியோடு நின்ற யூனிஸ், வெயில் விழுந்த அந்தத் தளத்தைப் பார்த்தாள். ரோஸ் நிறத்தில் பளபளத்தது.

சோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனாள். ஓரத்தில் குவிந்திருந்த ஐஸ் சீவலைக் கோப்பையில் அள்ளி, இன்ஜினை அணைக்காமல் நிறுத்தியிருந்த ஒரு லாரியின் ஹீட்டர் முன்னால் வைத்து உருக்கினாள். ஆட்டக்காரர்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

"என்ன பண்ற?" என்றான் டுவேன்.

"வெறும் தண்ணின்னா மொதல் சொட்டுலயே மாறிடும். பாரு." அவள் நிதானமாக எண்ணினாள். ஏழாவது சொட்டில்தான் மாறியது.

"அது… கோடு போடுற பெயிண்ட் கரைஞ்சது."

"கோடு எங்க போட்ருக்க?"

ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். மற்றவர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள்.

டுவேன் வீட்டு நிலவறைக்கு இறங்கினாள். சூட்டுக்குழாயின் வடிகுழாயில் ஹோஸ் மாட்டி, மூட்டில் கறுப்பு டேப்பைச் சுருக்கமே இல்லாமல் சுற்றியிருந்தது. டுவேன் சுற்றிய டேப் இல்லை அது. அவன் கைக்கு அவ்வளவு நேர்த்தி வராது. பின்னால் படியில் லோர்னா நின்றாள்.

"டுவேனுக்கு முதுகு வலி. குனிய முடியல" என்றாள்.

"அப்ப நீதான் மாட்டுன."

"சுடுதண்ணி ஊத்துனா ஐஸ் வழவழன்னு வரும்னு சொன்னாரு. கேட்டா நீ தர மாட்ட."

"தந்திருக்க மாட்டேன். ஆனா அவன் என்னைக் குருடின்னப்போ நீ பக்கத்துலதான நின்ன."

டுவேன் மேல் இருந்த இளக்காரம் யூனிஸுக்குப் பழகிப்போன ஒன்று, கிட்டத்தட்டச் சுகமானதும்கூட. தங்கை மேல் வந்தது அப்படி இல்லை. நெஞ்சைக் கரித்தது.

அவர்கள் வீட்டுக்குப் போகும் இரண்டு வால்வையும் அடைத்தாள். அந்தக் குழாயில் நின்ற தண்ணீரை எட்டு வாளி பிடித்துச் சுமந்துபோய்த் திரும்பப் பாய்லரில் ஊற்றினாள். ஒரு சொட்டுகூட அவர்களுக்கு விட்டுவைக்கவில்லை. சாயங்காலம் டுவேன் கோட்டுக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"வீடு ஐஸ்பெட்டியாட்டம் இருக்கு."

"உனக்குப் பிடிச்சதுதான? உள்ளயே ஆடு" என்று கதவைச் சாத்தினாள்.

மருந்து கலந்து நீரை மறுபடி இருபது சொட்டுக்குக் கொண்டுவர மூன்று வாரம் ஆனது. பாய்லரின் பின்பக்கத் தகட்டில் அரித்துப்போன ஒரு மூட்டில் மட்டும் ஈரம் கசிந்தது. வெல்டரை வரவழைத்து அடைத்தாள்.

மார்ச்சில் ஒரு நாள் லோர்னா துண்டும் கையுமாக யூனிஸின் சௌனா நீராவி அறைக்கு வந்தாள், கூப்பிடாமலே. பலகையில் நெடுநேரம் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"கேஸ் ஹீட்டர் வச்சுட்டாரு" என்றாள் லோர்னா. "உன் துருப்பிடிச்ச டப்பாவ விட எவ்வளவோ தேவலன்னு கடையில எல்லார்கிட்டயும் சொல்றாரு."

"தண்ணியே வேணாம் அதுக்கு. பாத்துக்கவும் ஒண்ணுமில்ல. அவனுக்கேத்த சாமான்."

லோர்னா சிரிக்கப் பார்த்து, அக்கா முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள். யூனிஸ் கொஞ்சம் நகர்ந்து, சூட்டுக்கு அருகில் அவளுக்கு இடம் விட்டாள்.