மேக்ஃபைலை மடக்கிய லிஃப்ட் மெக்கானிக்

ஏழு கடலுக்கு அப்பால் முந்நூறு நிரலாளர்கள் கூடி எழுதிய சட்டத்தை, ஓய்வு பெற்ற ஒரு லிஃப்ட் மெக்கானிக் பனியனோடு உட்கார்ந்து ஒரே வரியில் கவிழ்த்தார். இதை அவர் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தபோது, கண்ணாடிக்குள் இருந்தவரே உதட்டைப் பிதுக்கினார்.

வம்பை விலைக்கு வாங்கியவரும் அவர்தான். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டம்மாவுக்கு எழுத்து தெளியவில்லை. பழைய கணினியில் ஓர் இலவச மென்பொருள் அவருக்குத் துப்பறியும் நாவலை வாசித்துக்கொண்டிருந்தது. ஓடுகிற இயந்திரத்தைச் சும்மா விட்டால் இவர் மெக்கானிக்கா? அதற்குக் குரல் கொடுக்கும் லைப்ரரி என்ற துணை நிரலின் புதிய பதிப்பை இறக்கி, கணினி ஓட்டக்கூடிய வடிவில் தானே தொகுத்துப் போட்டார். கொலைகாரன் யாரென்று தெரிய ஓர் அத்தியாயம் பாக்கி. குரல் நின்றது. ‘சட்டவிரோதக் கட்டளை’ என்று திரை ஆங்கிலத்தில் குற்றம் சாட்டியது.

“என்னங்க பண்ணித் தொலைச்சீங்க? போலீஸ் வருமா?” என்றார் வீட்டம்மா.

போலீஸ் வரவில்லை, மகள் வருவதாகச் சொன்னாள். ஞாயிறு மாலை அம்மாவை அழைத்துப் போகிறாளாம். அவள் வீட்டில் புதுக் கணினி இருக்கிறது, கண் தெளியும்வரை அங்கேயே கேட்கலாமாம். மெக்கானிக் பனியனோடு கணினி முன் உட்கார்ந்தார். அவர் சமையலில் இரண்டாவது வாய் வைக்க அவராலேயே முடியாது. அதைவிட, அவர் அளப்பதைக் கேட்க அந்த வீட்டில் வேறு காது கிடையாது.

லைப்ரரியை எப்படித் தொகுப்பது என்று சொல்லும் கோப்புக்கு மேக்ஃபைல் என்று பெயர். அதில் மாறி எனப்படும், மதிப்பை மாற்றி எழுதக்கூடிய ஒரு பெயருக்குள், புதிய செயலிச் சில்லுகளுக்கு மட்டுமே புரியும்படி தொகு என்று ஒரு சொல் ஒளிந்திருந்தது. இவர் கணினியோ பல்லுப்போன கிழம்; தனக்குப் புரியாததைச் சட்டவிரோதம் என்றது. மாறிக்கு வேறு மதிப்பை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொகுத்தார். மேக்ஃபைல் சட்டையே செய்யவில்லை. தனக்குள் எழுதியிருந்ததையே பிடித்துக்கொண்டது. பல வருடம் லிஃப்டுகளைத் திட்டிப் பழகிய வாயால் அதையும் திட்டினார். அதற்கும் பலனில்லை.

கடைசியில், கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கையேட்டைப் படித்தார். தொகுக்கும் கட்டளைக்குப் பக்கத்திலேயே மாறியை எழுதினால்தான் கோப்பில் இருப்பது தோற்குமாம். முழுசாகத் தோற்குமாம், ஆகவே அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு, வேண்டிய மற்றதையெல்லாம் திரும்ப எழுத வேண்டும். எழுதினார். தட்டினார். மூச்சு விடுவதற்குள் முடிந்தது.

உலகத்திலேயே வேகமான தொகுப்பு இதுதான் என்று அறிவித்தார். ஓட்டிப் பார்த்தால் அதே சட்டவிரோதம். போனமுறை காலை முழுக்க இரைந்த கணினி விசிறி இந்தமுறை இருமக்கூட இல்லையே என்று வீட்டம்மா யோசித்தார்.

“நேத்து வடிச்ச சோத்தையே திறந்து பார்த்துட்டு, இப்பத்தான் வெந்துச்சுன்னு சொல்றீங்களோ?”

மெக்கானிக் திரையை மறுபடி படித்தார். ‘செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று இருந்தது. அதைப் பாராட்டு என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார். பழைய தொகுப்பின் துண்டுகள் அப்படியே கிடந்ததால், மாறியை மாற்றியும் இயந்திரம் எதையும் புதிதாகத் தொகுக்கவில்லை.

துண்டுகளைத் துடைத்தெறிந்துவிட்டு அதே வரியை மறுபடி தட்டினார். விசிறி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் மழையென்று ஓடிவந்து கொடியில் கிடந்த துணிகளை எடுத்தார். ஞாயிறு மதியம் சாய்ந்தது. வீட்டம்மா பையோடு வாசலுக்கு வந்து, ஒரு செருப்பை மாட்டி மறு செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். அப்போது உள்ளேயிருந்து ஜலதோஷம் பிடித்த குரல் ஒன்று கடைசி அத்தியாயத்தைத் தொடங்கியது.

ஒற்றைச் செருப்போடு நாற்காலிக்குத் திரும்பியவர், கொலைகாரன் பிடிபடும்வரை அசையவில்லை. பிறகு மகளைக் கைபேசியில் அழைத்து, பாதி வழியிலேயே திரும்பச் சொன்னார். அப்பாவா சரி செய்தார் என்று மறுமுனையில் கேட்ட சிரிப்பு, மெக்கானிக்கின் காதுவரை வந்தது.

“சிரிக்காதடி. நானும்தான் நம்பல. கண்ணு மங்கலா இருந்தாலும் காது நல்லாத்தான் இருக்கு. உங்கப்பாதான் பண்ணார்.”