ஹெல்மெட்டில் மாட்டிய கேமரா

கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த ஆசிரியர் ஸ்டீபனின் மனைவி ஸ்டெல்லா, கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து நாமக்கல்லிலேயே தங்கிவிட்டாள். பாதை அப்படியொன்றும் மோசமில்லை என்று காட்டுவதற்காக அவன் ஒரு சின்ன கேமரா வாங்கி, பைக்கின் ஹேண்டில்பாரில் மாட்டினான். கிளாம்பை இறுக்கி, அடியில் ரப்பர் துண்டு வைத்துப் பார்த்தும் படம் நடுங்கியது.

மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் பைக் சாமான் கடை வைத்திருந்த நவ்ஷாத், "வண்டியில வேண்டாங்க சார். ஹெல்மெட் முன்னாடி ஒட்டிக்குங்க. நீங்க பாக்கறதுதான் படத்துல விழும்" என்று சொல்லி, அவரே ஒட்டியும் கொடுத்தார்.

மலையேறியதும் ஸ்டீபன் படத்தைப் பார்க்காமலே மனைவிக்கு அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் அவள் போன் செய்தாள்.

"ஏனுங்க, ஒவ்வொரு வளைவுலயும் ரோட்ட உட்டுட்டுப் பள்ளத்தையே பாக்கறீங்களே, உங்களுக்கும் பயமாங்க?"

"ஆமா. வந்த நாள்லிருந்தே பயம்தான்."

"சொல்லவே இல்லீங்களே?"

"சொன்னா நீ வரமாட்டேன்னுதான்."

"சொல்லாமயும் நான் வரலீங்களே."

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் ஸ்டெல்லா பையோடு பஸ் ஏறினாள். மலைமேல் செம்மேட்டில் இறங்கும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.